லேப்பிலிருந்து என் மருத்துவ அறிக்கை திருடு போய்விட்டது. "நாங்களும் பாதிக்கப்பட்டவர்களே" என்று நிறுவனம் சொன்னால் கதை முடிந்ததா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. முழு உடல் பரிசோதனைக்காக நீங்கள் போன ஒரு லேப்பின் கணினிகளுக்குள் யாரோ புகுந்து வாடிக்கையாளர் விவரங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பெயர், தொலைபேசி எண், ஆதார் நகல், ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் அதில் போயிருக்கிறது. லேப் அனுப்பிய மின்னஞ்சலில் "இந்தச் சைபர் குற்றத்தால் நாங்களும் பாதிக்கப்பட்டிருக்கிறோம்" என்று ஒரு வரி, வருத்தம் தெரிவித்து இன்னொரு வரி, அவ்வளவுதான். திருடியவனை விட்டுவிட்டுத் திருட்டுக் கொடுத்தவரைப் பிடிப்பது நியாயமா என்று உங்கள் மைத்துனர் கேட்கிறார். நஷ்டஈடு கிடைக்குமா என்பது உங்கள் கடைசி வரி. ஆனால் உங்களை உறுத்துவது மைத்துனரின் கேள்விதான் என்று நினைக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. நிறுவனங்களின் தகவல் பாதுகாப்பைத் தணிக்கை செய்வது என் தொழில். 17 ஆண்டுகளாக இதே வேலை. சட்டத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் தணிக்கைக்காகப் படித்ததும், பிரச்சினை வந்த பிறகு நிறுவனங்கள் என்ன பாடு பட்டன என்று பக்கத்தில் இருந்து பார்த்ததும்தான். வழக்குப் போடுவதாக இருந்தால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பேருந்து நிலைய சைக்கிள் ஸ்டாண்டுகளில் அந்தப் பலகையைப் பார்த்திருப்பீர்கள்: "வண்டிகள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல." டோக்கனின் பின்பக்கத்திலும் அதையே அச்சடித்திருப்பார்கள். நாமும் அதைப் படித்துவிட்டு, சரி, நம் தலையெழுத்து என்று பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவோம். அந்தப் பலகைக்கு நாம் நினைக்கிற அளவு பலம் கிடையாது. 1998இல் டெல்லி தாஜ்மகால் ஓட்டலில் ஒருவர் கார் சாவியை ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வெளியாட்கள் வந்து காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். கொடுத்த சீட்டில் 'உரிமையாளரின் பொறுப்பில்' என்று இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. சாவியை வாங்கி வைத்துக்கொண்டவர், தன் கவனக்குறைவால் கார் தொலையவில்லை என்று தானே விளக்க வேண்டும். சீட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அந்தக் கடமையிலிருந்து கழன்றுகொள்ள முடியாது என்பதுதான் அதன் சாரம். கார் திருடியவன் குற்றவாளி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சாவியை எப்படி வைத்திருந்தாய் என்பது தனிக்கேள்வி. உங்கள் லேப்பின் மின்னஞ்சலை நான் அந்தப் பலகையாகத்தான் படிக்கிறேன்.

தகவல் விஷயத்தில் இதையே இன்னும் தெளிவாகச் சொன்ன தீர்ப்பு ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறது. 2019இல் பல்கேரியாவின் வருவாய்த் துறைக் கணினிகளில் இருந்து 60 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரங்கள் திருடப்பட்டு இணையத்தில் போடப்பட்டன. அது அரசுத் துறைதான், ஆனால் அங்கே நிறுவனங்களுக்கும் அரசுக்கும் ஒரே தகவல் பாதுகாப்புச் சட்டம். 2023 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் மூன்று விஷயங்களைச் சொன்னது. திருட்டு நடந்துவிட்டது என்பதாலேயே பாதுகாப்பு போதாது என்று முடிவுகட்டக் கூடாது. ஆனால் பாதுகாப்பு போதுமானதாக இருந்தது என்று நிரூபிக்கும் சுமை, தகவலை வைத்திருந்தவர் மேல்தான். மூன்றாம் நபர் செய்த குற்றம் என்பது மட்டும் விடுதலைக்குக் காரணம் ஆகாது. உங்கள் மைத்துனருக்கு நான் பதில் சொல்வதாக இருந்தால் இந்த மூன்றையும் இதே வரிசையில் சொல்வேன். முதல் வரி அவர் பக்கம் இருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். எவ்வளவு கவனமாக இருந்தாலும் உள்ளே புகுந்துவிடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அப்படிப்பட்ட பலசாலித் திருடர்களை வைத்தே ஒரு கதை சொல்கிறேன். அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்று ஒரு நிறுவனம். நம் ஊர் சிபில் போலக் கடன் வரலாற்றைத் தொகுப்பது அதன் தொழில். 2017 மார்ச் 7 அன்று, அவர்கள் இணையதளத்துக்குப் பயன்படுத்திய அபாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டை இருப்பதும் அதை அடைக்கும் பேட்ச்சும் ஒன்றாக வெளியாயின. இரண்டு நாளில் அடைத்துவிடுங்கள் என்று நிறுவனத்துக்குள் மின்னஞ்சலும் போனது. ஒரு சர்வர் மட்டும் விடுபட்டது. மே 13இல் திருடர்கள் அதன் வழியாக உள்ளே வந்தார்கள். அங்கே ஒரு கோப்பில் மறைக்காமல் எழுதிக் கிடந்த பாஸ்வேர்டுகளை எடுத்து, அந்த இணையதளத்துக்குச் சம்பந்தமே இல்லாத தரவுத்தளங்களுக்கெல்லாம் போனார்கள். வெளியே போகும் போக்குவரத்தைச் சோதிக்க ஒரு கருவி இருந்தது. மறைகுறியாக்கிய போக்குவரத்தைப் படிக்க அதற்குத் தேவையான டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதம் ஆகியிருந்ததால் அது கண்ணை மூடிக்கொண்டு இருந்தது. ஜூலை 29 அன்று யாரோ அந்தச் சான்றிதழைப் புதுப்பித்தார்கள், உடனே கருவி கண் திறந்தது, திருட்டு தெரிந்தது. 76 நாள். போனது ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் விவரம். வாடிக்கையாளருக்குச் சொன்னது செப்டம்பர் 7இல்.

2020இல் அமெரிக்க அரசு, இதைச் செய்தது சீன ராணுவத்தினர் நான்கு பேர் என்று குற்றம்சாட்டியது. ஒரு நாட்டின் ராணுவமே வந்தால் ஒரு கம்பெனி என்ன செய்யும் என்று கேட்கலாம். ஆனால் அந்த ராணுவம் நுழைந்த வழியைப் பாருங்கள்: இரண்டு மாதம் அடைக்காமல் விட்ட ஓட்டை, கோப்பில் கிடந்த பாஸ்வேர்டு, காலாவதியான சான்றிதழ். இதற்கு ராணுவம் தேவையில்லை, கல்லூரிப் பையன் போதும். குற்றச்சாட்டு பதிவாவதற்கு முன்பே, 2019 ஜூலையில், குறைந்தது 57.5 கோடி டாலர், தேவைப்பட்டால் 70 கோடி வரை தருவதாக நிறுவனம் சமரசத்துக்கு வந்திருந்தது. சமரசம் என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டது ஆகாது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தச் சமரசத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பாதிக்கப்பட்டவர்கள் விரும்பினால் தலைக்கு 125 டாலர் வரை ரொக்கமாகக் கேட்கலாம் என்று இருந்தது. அதற்கு ஒதுக்கிய மொத்தத் தொகை 3.1 கோடி டாலர்தான். பாதிக்கப்பட்ட எல்லோரும் கேட்டிருந்தால் ஆளுக்குக் கால் டாலர்கூடத் தேறியிருக்காது. நஷ்டஈடு பற்றிய உங்கள் கனவுக்கு இதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒரு நிறுவனம் போதுமான அக்கறை எடுத்ததா என்று நான் எப்படிப் பார்ப்பேன்? பூட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்பு, இந்தப் பொருள் இங்கே எதற்கு இருக்கிறது என்றுதான் கேட்பேன். ரத்தத்தில் சர்க்கரை பார்க்க ஆதார் நகல் எதற்கு? ஒரு லேப்பில் இதைக் கேட்டபோது, "இருக்கட்டும் சார், பின்னாடி எதுக்காவது உதவும்" என்றார் வரவேற்பில் இருந்தவர். எட்டு வருட ஆதார் நகல்கள் ஒரே ஃபோல்டரில், எல்லா ஊழியரும் திறக்கிற மாதிரி கிடந்தன. எட்டு வருடத்தில் அவை ஒரு முறைகூட எதற்கும் உதவியிருக்கவில்லை. வைத்திருக்காத தகவலை யாராலும் திருட முடியாது. இந்தத் தொழிலில் மிகவும் மலிவான பாதுகாப்பு இதுதான், அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதுதான். காசு செலவழித்துக் கருவி வாங்கத் தயாராக இருப்பவர்கள், பழையதை அழிக்கச் சொன்னால் ஏதோ சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி முகம் சுளிப்பார்கள்.

அப்புறம் சாவி. வேலையை விட்டுப் போனவரின் லாகின் இன்னும் உயிரோடு இருக்கிறதா, அட்மின் பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும், யார் எப்போது எதைத் திறந்தார் என்ற லாக் இருக்கிறதா, அதை யாராவது பார்க்கிறார்களா. கடைசிக் கேள்விக்கு வருகிற மௌனம் எனக்குப் பழகிவிட்டது. மென்பொருளைப் பராமரிக்கும் வெளி நிறுவனத்தையும் கேட்பேன். 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி அட்டை விவரங்கள் போனபோது, திருடர்கள் முதலில் பிடித்தது குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரரின் லாகினைத்தான்.

உங்கள் லேப் "நாங்கள் ஐஎஸ்ஓ 27001 சான்று பெற்றவர்கள்" என்று பதில் சொல்லக்கூடும். தகவல் பாதுகாப்பு மேலாண்மைக்கான சர்வதேசத் தரச்சான்று அது. அது வந்தால் மயங்காதீர்கள். அந்தச் சான்றிதழில் அது எந்த இடத்துக்கு, எந்தச் சேவைக்குப் பொருந்தும் என்று ஒரு வரி இருக்கும். தலைமை அலுவலகத்தின் சர்வர் அறைக்கு மட்டும் வாங்கிவிட்டு, ஊர் ஊராக உள்ள கிளைகளின் சுவரிலும் அதையே மாட்டி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரியைக் கேட்டு வாங்குங்கள்.

இனி நம் நாட்டுச் சட்டம். உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. வெளியே போனால் பாதிப்பு தரக்கூடிய நுண்ணிய (சென்சிடிவ்) தனிநபர் தகவலை வைத்திருக்கும் நிறுவனம் நியாயமான பாதுகாப்பைப் பேணுவதில் அலட்சியமாக இருந்து, அதனால் ஒருவருக்கு நட்டம் வந்தால் நஷ்டஈடு தர வேண்டும். 2011 விதிகளின் பட்டியலில் மருத்துவப் பதிவுகள் நேரடியாக இருக்கின்றன. ஆதார் எண் பெயர் சொல்லி இல்லை! ஆகவே, நாம் பதறுவது ஆதாருக்காக என்றாலும் இந்தப் பிரிவின் கீழ் உங்கள் கையில் இருக்கும் பலமான சீட்டு ரத்த அறிக்கைதான். அதே விதிகள், தேவைக்கு மேல் நுண்ணிய தகவலை வைத்திருக்கக் கூடாது என்கின்றன. திருட்டு நடந்தால், எழுதி வைத்த பாதுகாப்பு முறைகளை உண்மையிலேயே கடைப்பிடித்தோம் என்று அதிகாரம் பெற்ற அமைப்பு கேட்கும்போது நிறுவனம் காட்ட வேண்டும் என்கின்றன. சைக்கிள் ஸ்டாண்ட் தர்க்கம் இங்கேயும் வருகிறது, பார்த்தீர்களா?

5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை நீதிமன்றத்துக்குப் போகாமலே மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பச் செயலரிடம் கொண்டுபோகலாம். அவர்தான் தீர்வு அலுவலர். இந்த வழியில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெயர் உண்டு. 2010இல், ஏமாற்று மின்னஞ்சலில் பணத்தை இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு ஐசிஐசிஐ வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று இங்குள்ள செயலர் உத்தரவிட்டார். அது 43ஏ பிரிவில் வந்ததல்ல, ஆனாலும் பெரிய நிறுவனத்தை இந்த மேசைக்கு இழுத்து வர முடியும் என்று காட்டியது. கூடவே இதையும் சொல்ல வேண்டும்: இந்த உத்தரவுகளுக்கு மேல்முறையீட்டை விசாரிக்க வேண்டிய தீர்ப்பாயம், 2011இல் காலியான தலைவர் பதவி நிரப்பப்படாமலே கிடந்து 2017இல் இன்னொரு தீர்ப்பாயத்தோடு இணைக்கப்பட்டது. பொறுமை வேண்டும்.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம், திருட்டைச் சொல்லாமல் மறைத்தால் 200 கோடி வரை. ஒப்பந்தக்காரர் செய்த தவறு என்று நழுவவும் முடியாது. தகவலை வாங்கிய நிறுவனமே பொறுப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அபராதத்தில் ஒரு பைசாகூட உங்களுக்கு வராது, இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். அதைவிட முக்கியமான ஒன்று, இந்தச் சட்டம் 43ஏ பிரிவையே நீக்குகிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் கடமைகளும் 43ஏ நீக்கமும் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில் நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். பலரும் புதிய சட்டம் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். நஷ்டஈடு வேண்டும் என்றால் பழைய கதவு திறந்திருக்கும்போதே தட்டுவதுதான் புத்திசாலித்தனம். வங்கி லாக்கரை நினைத்துப் பாருங்கள்: வங்கியின் அலட்சியத்தால் லாக்கரில் திருட்டுப் போனால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021இல் விதித்தது. நகைக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கிறது, ரத்த அறிக்கைக்கு இல்லை. இது சட்டம் இயற்றியவர்கள் செய்த பிழை என்பது என் சொந்தக் கருத்து.

இப்போது சந்தேகமான பகுதி. உங்களுக்கு இன்னும் பண நட்டம் எதுவும் ஏற்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 'யாராவது தவறாகப் பயன்படுத்துவார்களோ' என்ற பயமே ஒரு பாதிப்பாக இருக்க முடியும் என்று மேலே சொன்ன ஐரோப்பிய நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், கூகுள் மீதான ஒரு வழக்கில் 2021இல், தகவல் மீதான கட்டுப்பாட்டை இழந்தேன் என்று மட்டும் சொல்லி எல்லோருக்கும் பொதுவாக ஒரு தொகை கேட்க முடியாது என்றது. நம் 43ஏ பிரிவு 'முறைகேடான நட்டம் அல்லது ஆதாயம்' என்கிறது. பயத்தை அதற்குள் அடக்க முடியுமா என்பது வாதத்துக்கு உரியது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். காசு கொடுத்துத்தான் சோதனை செய்திருக்கிறீர்கள், அதனால் நீங்கள் நுகர்வோர்தான். நம்பிக் கொடுத்த தகவலை மற்றவருக்கு வெளிப்படுத்துவதை 2019 நுகர்வோர் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. திருட்டுக் கொடுத்ததை 'வெளிப்படுத்தியது' என்று சொல்ல முடியுமா என்பதில் இரண்டு பக்கமும் பேசலாம். என்னைக் கேட்டால், நான் முதலில் போவது இங்கேதான். செலவு குறைவு, புகார் கொடுப்பதற்கான கால வரம்பு இரண்டு ஆண்டு.

போன தகவலின் அளவிலும் எச்சரிக்கை வேண்டும். 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராம் சாட்பாட்களில் கிடைத்ததாகச் செய்தி வந்தது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது. இப்படிப்பட்ட சமயங்களில் வெளியில் சுற்றும் எண்ணிக்கை பெரும்பாலும் திருடியவரே விளம்பரத்துக்குச் சொல்வதாக இருக்கும்; நிறுவனம் சொல்லும் எண்ணோ குறைவாக இருக்கும். தணிக்கை முடியும்வரை இரண்டையுமே நான் நம்புவதில்லை.

நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. லேப்பின் இணையதளத்தில் குறைதீர்ப்பு அலுவலரின் முகவரி இருக்கும். இருந்தாக வேண்டும், அவர் ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லியாக வேண்டும் என்பது 2011 விதி. அவருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். என்னுடைய எந்தெந்தத் தகவல் போனது, திருட்டு என்று தொடங்கியது, உங்களுக்கு என்று தெரிந்தது, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்குச் சொன்னீர்களா, என் ஆதார் நகலை எந்தத் தேவைக்காக இத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். சம்பவம் தொடர்பான லாக் எதையும் அழிக்கக் கூடாது என்றும் ஒரு வரி கட்டாயம் சேருங்கள். செர்ட்-இன் 2022இல் போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக்தான் கட்டாயம். அது கழிந்த பிறகு "வழக்கப்படி அழித்துவிட்டோம்" என்று கையை விரித்தால் உங்கள் வழக்கின் முதுகெலும்பே போய்விடும். எழுத்தில் கேட்ட பிறகும் அழித்தால் அது வேறு கதை.

கூடவே ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடுங்கள், கடன் அறிக்கையை எடுத்து நீங்கள் வாங்காத கடன் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள், இனி யார் ஆதார் நகல் கேட்டாலும் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் பிரதியைக் கொடுங்கள். கணக்கில் இருந்து பணம் போனால் அன்றைக்கே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். வங்கியும் நீங்களும் தவறு செய்யாமல் வேறெங்கோ நடந்த கசிவால் போன பணம் என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நட்டம் வரக் கூடாது என்பது 2017இல் ரிசர்வ் வங்கி செய்த ஏற்பாடு. இதெல்லாம் நீங்களே எங்கேயாவது படித்திருப்பீர்கள். நான் அதிகம் கவலைப்படுவது வேறு ஒரு அழைப்பைப் பற்றி. உங்கள் பெயரையும், கடைசியாகச் சோதனை செய்த தேதியையும், சர்க்கரை அளவையும் சரியாகச் சொல்லி, "டாக்டர் மறுபடி ஒரு டெஸ்ட் எடுக்கச் சொன்னார், லிங்க் அனுப்புகிறேன்" என்று கனிவாக ஒரு குரல் பேசும். இத்தனையும் தெரிந்தவர் லேப்பில் இருந்துதான் பேசுகிறார் என்று உங்கள் வீட்டில் வயதானவர்கள் நம்பிவிடுவார்கள். அவர்களிடம் இன்று இரவே சொல்லி வையுங்கள்.